கை தராத ஆட்டம்

தூத்துக்குடித் துறைமுகத்துக் கேன்டீனில் உளுந்தவடையைச் சட்னியில் முக்கி வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் அமலன் தன் குரலைக் கேட்டான். பேசியது அவனில்லை. அவன் வாய் வடைக்காகத் திறந்திருந்தது, அவ்வளவுதான். குரல் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி செல்வினின் போனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, எங்க ஓடுத? ஓடு, ஓடு. நீ எங்க போனாலும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நீ கதவத் தொறக்குற வரைக்கும் அங்கனயே நிப்பேன்."

அதை ஒட்டி ஒரு பெண்பிள்ளையின் அழுகை. சும்மா சிணுங்கல் இல்லை. மூச்சு முட்டி, விக்கி, "வேண்டாண்ணே, வேண்டாண்ணே" என்று அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை. செல்வின் அதைக் கேட்டுச் சிரித்தான்.

"என்னல பாக்குத?" என்றான் அமலன்.

"ஏழுகோட்டை, போன் ஆட்டம்ல. உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? நீ சாமியாரு. இவன் பேரு கொம்பன்சுறா. மாசக்கணக்கா ஒரே பிள்ளைய வெரட்டிக்கிட்டே இருக்கான். எப்பத் தொறந்தாலும் வெரட்டுதான். ஊருபட்ட ஆளு பாக்குது. எங்க அண்ணன் வீட்டு மைனிகூட சமைக்கும்போது இதத்தான் ஓட விட்டுருக்கா."

அமலன் வடையைத் தட்டில் வைத்தான். கொம்பன்சுறா என்பது அவன்தான்.

அமலனைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கிரேன் ஓட்டுகிறவன். இப்போதெல்லாம் கிரேன் மேல் யாரும் ஏறுவதில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி கைப்பிடியை அசைத்தால், அங்கே கப்பலிலிருந்து பெட்டி இறங்கும். கண்டெய்னரை முட்டை அடுக்குவதுபோல் அடுக்குவான் என்று அவனுக்குப் பெயர். அவன் சத்தம் போட்டு அந்த அறையில் ஒருத்தரும் கேட்டதில்லை, அதனால் கொம்பன்சுறாவின் குரலை அவனோடு சேர்த்துப் பார்க்கச் செல்வினுக்குத் தோன்றவே இல்லை. ரோட்டில் தன்மேல் வந்து இடித்தவனையே "பாத்துப் போங்கண்ணே" என்று அனுப்பி வைக்கிற ஆள்.

அதெல்லாம் தலையில் ஹெட்செட் ஏறும் வரைக்கும். ஏறிவிட்டால் போச்சு. ஏழுகோட்டை என்பது இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் மோதும் ஆட்டம். அமலன் எதிரணியைவிடத் தன் அணியைத்தான் அதிகம் வதைப்பான். சரியாக ஆடாதவனைக் கோட்டைக்குள் தள்ளி வாசலை மறித்துக்கொள்வான். விழுந்து கிடப்பவன்மேல் ஏறி நின்று குதிப்பான். தோல்வி வாடை அடித்ததுமே பாதியில் போட்டுவிட்டுப் போவான், மற்ற நாலு பேரும் நாசமாய்ப் போகட்டும் என்று. வாயைத் திறந்தாலோ எதிராளியின் அம்மாவில் ஆரம்பிப்பான், அதையெல்லாம் எழுத முடியாது. பிறகு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குப் போய் மனைவிக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பான். அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. வெளாட்டுதானே!

ஆனால் மகள் பிறந்த அன்றோடு அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். போனிலிருந்தே அழித்துவிட்டான். அந்த மகள் இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அப்படியானால் செல்வினின் போனில் கத்துவது யார்?

கண்டெய்னர் பெட்டிகளின் நிழலில் ஒதுங்கி நின்று ஏழுகோட்டைக் கம்பெனிக்குப் போன் போட்டான். பூர்ணா என்றொரு பெண் எடுத்தாள். சென்னைப் பேச்சு, தன்மையான குரல்.

"என் ஐடிய எவனோ திருடிட்டான் மேடம். என் குரல்லயே பேசுதான்."

"ஒரு நிமிஷம் சார், பாக்கறேன்." கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். "திருட்டு இல்ல சார். அது உங்க பதிலாள்."

"பதிலாளா?"

"பாதியில விட்டுட்டுப் போறவங்களால மத்தவங்களுக்கு ஆட்டம் கெட்டுப்போகுதுன்னு ஏகப்பட்ட புகார் சார். அதனாலதான் இத கொண்டுவந்தோம். நீங்க எழுந்து போனா உங்க இடத்துல அது உக்காந்துடும். உங்கள மாதிரியே ஆடும், உங்க குரல்லயே பேசும். நீங்க திரும்பி வந்தா இடம் குடுத்துடும். சேரும்போதே நீங்க சம்மதம்னு அமுக்கியிருக்கீங்க."

அதையெல்லாம் யார் படித்தார்கள்? எல்லோரும் அமுக்குகிறார்கள், அவனும் அமுக்கினான்.

"நான் இப்படிப் பேசுற ஆளு இல்ல மேடம். அது ஒரு பிள்ளைய மிரட்டுது. எனக்கே கேக்கப் பயமா இருக்கு."

"பதிலாள் எதுலேருந்து கத்துக்கும்னா சார், நீங்க எழுந்து போறதுக்கு முந்தின கொஞ்ச நேரத்துலேருந்து. அங்கேருந்துதானே அது தொடரணும்? அந்தக் கடைசி நிமிஷங்கள்ல நீங்க எப்படி இருந்தீங்களோ, அது எப்பவும் அப்படியேதான் இருக்கும். சந்தோஷமா இருக்கறப்ப யாரும் பாதியில எழுந்து போறதில்லையே சார்."

அமலனுக்கு அந்தக் கடைசி நிமிடங்கள் ஞாபகம் வந்தன.

அன்றைக்கு எதிரணியில் ஒரு பெண்பிள்ளை. ஒற்றை ஆளாகச் சுற்றிக்கொண்டு வந்து ஏழாவது கோட்டையைப் பிடித்துவிட்டாள். பிடித்ததோடு நிற்காமல் அவன் முன்னால் வந்து கையை நீட்டினாள். "அண்ணே, தோத்தாச்சுல்லா? கை தாங்க." அது அந்த ஆட்டத்தின் மரியாதை. முடிந்ததும் இரண்டு பக்கமும் கை கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் ஆட்டம் மூடும். அவள் நக்கலாகச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவான் அமலன், அது அவனுக்கு ஒரு பெருமை. "ஏட்டி, நாகர்கோயில்தான நீ? பேச்சே காட்டிக் குடுக்கே. அங்கதான் எங்க மாமா வீடு. தெருத் தெருவா வந்து தேடுவேன். நீட்டுன கைய ஒடிப்பேன். உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்." அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் அழுதுகொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினாள். அவன் கை கொடுக்காமல் ஹெட்செட்டை வீசிவிட்டு எழுந்தான். கொஞ்ச நேரத்தில் மனைவி ரோஸ்லினுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி, ஆட்டோ, அத்தை, பால்பவுடர் என்று ஓடியதில் அந்தப் பிள்ளை அடியோடு மறந்து போனாள்.

"அப்போ அந்த ஆட்டத்த மூடுங்க மேடம். இப்பவே மூடுங்க."

"கை குடுக்காத ஆட்டத்த நாங்களா மூடக்கூடாதுன்னு விதி சார். ஜனங்களுக்கு மரியாதை பழகட்டும்னு வெச்சது. கோட்டை விழுந்தா மறுபடி எழும்பும், ஆட்டம் ஓடிட்டே இருக்கும். வழக்கமா யாராவது திரும்பி வந்து கை குடுத்துடுவாங்க. உங்க ஆட்டத்துல மத்த எட்டு பேரும் அன்னைக்கே கை குடுத்துட்டாங்க, அப்புறம் யாரும் வரல. அதுக்குள்ள பாக்க ஆள் சேர்ந்துடுச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "மூடிடலாம்னு நான் எழுதிப் போட்டேன் சார். மேல இருக்கறவங்க விதியக் காட்டறாங்க. நீங்களே உள்ள போய்க் கை குடுத்துடுங்களேன். பதிலாளுக்கு அது வராது. கோவிச்சுட்டுப் போனவங்ககிட்ட கத்துக்கிட்டதுக்குக் கை குடுக்க எங்க தெரியும்? ஒண்ணு மட்டும், மைக்க அணைச்சுட்டா கை குடுக்க முடியாது. நாலு வார்த்தை நல்லதாப் பேசிக்கட்டும்னு அதையும் விதியாக்கி வெச்சிருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, ரோஸ்லின் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அமலன் ஆட்டத்தைப் போனில் மறுபடி ஏற்றிக்கொண்டு ஹெட்செட்டோடு மொட்டைமாடிக்குப் போனான். உள்ளே நுழைந்ததும் பதிலாள் எழுந்து இடம் கொடுத்தது, பஸ்ஸில் சீட்டு விட்டுக் கொடுப்பதைப் போலப் பவ்யமாக. எதிரே இடிந்த சுவர். சுவரோரம் அந்தப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள்.

அவன் தன்னால் முடிந்த மட்டும் கனிவாகப் பேசினான். "பாப்பா, பயப்படாத. நான் ஒன்னும் செய்ய மாட்டேன். கைய மட்டும் குடு."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் போட்ட கூச்சலில் அமலனே ஒரு எட்டு பின்னால் வந்தான். எழுந்து ஓடினாள். அவன் பின்னாலேயே ஓடினான். "நில்லு பாப்பா. சாமி சத்தியமா ஒன்னும் செய்ய மாட்டேன்." திரைக்கு அடியில் வேடிக்கை பார்க்கிறவர்கள் எழுதும் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுறா நடிக்குதுடோய். இன்னைக்கு சுறாவுக்கு உடம்பு சரியில்ல போல. அவள் நிற்கவில்லை. அழுகை மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. அமலன் ஹெட்செட்டைக் கழற்றினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் கேன்டீனில் செல்வின் அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"ஏல அமலா, இங்க பாரு. சுறா புதுசா ஒன்னு எடுத்து விடுதான்."

போனில் அமலனின் குரல், மொட்டைமாடிக் குரல், கனிந்து போய்ப் பேசியது. "பாப்பா, பயப்படாத. நான் ஒன்னும் செய்ய மாட்டேன்." அந்தப் பிள்ளை ஓடினாள். குரல் திரும்பத் திரும்பக் கெஞ்சியது. "சாமி சத்தியமா." ஒருவழியாக அவள் நின்றாள். திரும்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், குரல் மாறியது. "ஏட்டி! வந்துட்டேன் பாரு, உன் வாசலுக்கு!"

செல்வின் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அமலன் எழுந்து கழிவறைக்கு ஓடி, குடித்த டீ அத்தனையும் வெளியே வரும்வரை வாந்தியெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து வந்ததுகூடப் பாதியில் விட்டுப் போனதுதானே! அதையும் அது படித்துக்கொண்டது. பழைய கோபத்தோடு புதுக் கெஞ்சலையும் சேர்த்துக்கொண்டது. இனி அவன் உள்ளே போய் எந்த நல்ல வார்த்தையைச் சொன்னாலும், மறுநாள் அது தூண்டிலில் இரையாகத் தொங்கும். தன் வாயைக் கண்டு தானே பயப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்? பெட்டிகளை இறக்கும்போது மைக்கில் "கொஞ்சம் இடது" என்று சொல்லக்கூட நாக்கு கூசியது.

பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டிலும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தான். அப்படித்தான் ஒருநாள் சாயங்காலம், மகள் மிரியத்தை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தான்.

"உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்," என்றது போன்.

மிரியம் சட்டென்று தலையைத் திருப்பினாள். போனைப் பார்த்தாள். பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு அதை நோக்கி உடம்பை நெளித்தாள். அவளைப் பொறுத்தவரை அது அப்பா. அப்பா எங்கிருந்து பேசினால் என்ன, என்ன பேசினால் என்ன? "கதவத் தொற," என்றது அது. குழந்தை கெக்கலித்தது.

நிலைப்படியில் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். கையில் காய வைத்து எடுத்த துணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அது நீங்களா?"

"நான் இல்ல. நான் ஆடியே எவ்வளவு நாளாச்சு, உனக்குத் தெரியாதா? அது மிஷினு."

"மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நாகர்கோவில் பிள்ளை, நீட்டிய கை, சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல். ரோஸ்லின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அன்றைக்குக் கேட்டுவிட்டும் திறக்கவில்லை. அவன் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். துணித் தொட்டிலை அவிழ்த்துப் பின்னறையில் கட்டினாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அவன் அறைக்குள் வந்தால் அவள் எழுந்து நின்றாள், அதுதான் அவனைக் கொன்றது. தாலி கட்டிய நாளிலிருந்து அவனை "அப்பிராணி" என்று கேலி செய்கிறவள், அவன் கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாள் போன பிறகு, சோறு போடும்போது அவளே கேட்டாள்.

"எனக்கு ஒன்னு புரியல. அந்தப் பிள்ளை இந்தப் பாடு பயப்படுது. அப்புறம் எதுக்கு தெனமும் வந்து ஆடுது? நான்னா அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

அமலனின் கை சோற்றில் நின்றது. இத்தனை நாளில் இது அவனுக்கு உதிக்கவே இல்லை. எச்சில் கையோடு பூர்ணாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஐயோ, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றாள் பூர்ணா. "அதுவும் பதிலாள்தான் சார். அன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க கடைசி நிமிஷங்கள்ல எப்படி இருந்தாங்களோ, அது அப்படியே இருக்கு."

போனை வைத்துவிட்டு அமலன் சிரித்தான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. "அப்பாடா! ஒருத்தருக்கும் ஒன்னும் இல்ல ரோஸ்லின். மிஷினு மிஷின வெரட்டிக்கிட்டுக் கெடக்கு. நான் எப்படிப் பயந்துட்டேன் பாரு!"

ரோஸ்லின் சிரிக்கவில்லை. "கடைசியா அந்தப் பிள்ளை அப்படி இருந்துச்சுன்னா, அதுக்கப்புறம் எப்படி இருக்குன்னு கேட்டியளா?"

அவன் கேட்கவில்லை. அத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்களே, அவர்களில் எவனும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையின் நம்பரைக் கொடுக்கக் கம்பெனிக்கு அனுமதி கிடையாது. இவர்கள் நம்பரை அவளுக்கு அனுப்பிக் கேட்டுப் பார்ப்பதாகப் பூர்ணா சொன்னாள். அந்த வாரக் கடைசியில் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அமலன் பக்கத்தில் இருந்தான், எடுத்தான்.

"ஹலோ, யாரு?"

அந்தப் பக்கம் மூச்சு ஒருமுறை இழுபட்டது. போன் வைக்கப்பட்டது.

இரண்டு வார்த்தை, அதுவும் சாதாரண வார்த்தை. அவனுக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ரோஸ்லின் போனை அவன் கையிலிருந்து வாங்கி, தானே திருப்பி அழைத்தாள். அமலன் சுவரோரமாய்ப் போய் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்க பேரு லிபிஷா," என்றது அந்தக் குரல். ஆட்டத்தில் அழுகிற அதே குரல்தான். ஆனால் அழவில்லை, தணிந்து பேசியது. அதைக் கேட்கத்தான் அமலனுக்கு அதிகம் பயமாக இருந்தது. "நான் பயந்தது அன்னைக்கு ஒருநாளுதான் அக்கா. ரெண்டு நாளுல மறந்திருப்பேன். ஆனா அது அங்க கெடந்து பயந்துட்டே இருக்குல்லா. எனக்க அழுகைய காலேஜ்ல பிள்ளைங்க ரிங்டோனா வெச்சிருக்கு. கிளாஸ்ல அடிச்சா எல்லாரும் திரும்பி என்னைப் பாக்கும். காலேஜுக்குப் போறத விட்டாச்சு. வாசலுக்குக்கூடப் போறதில்ல. அங்க ஆளு நிக்கமாதிரியே இருக்கும்."

"ஒருத்தரும் நிக்கல மக்கா."

"தெரியும் அக்கா. தெரிஞ்சாலும் நிக்கமாதிரிதான் இருக்கு."

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டத்தை மூடும் வழியைச் சொன்னாள். லிபிஷா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றாள்.

"ஆனா அவிய பேசக்கூடாது அக்கா. அந்தக் குரலு கேட்டா நான் ஓடிருவேன். இப்ப அது நல்லாவும் பேசப் படிச்சிட்டுல்லா. எப்படிப் பேசினாலும் அதுதானோன்னு பேடியாட்டு, பயமாட்டு இருக்கும். பேசாம நின்னா, அவியதான்னு நான் மனசிலாக்கிக்கிடுவேன். அதுக்குப் பேசாம இருக்கத் தெரியாது."

சனிக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்தியது. அமலன் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினான். ரோஸ்லின் அவன் பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவன் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். மைக் திறந்திருந்தது.

பதிலாள் எழுந்து இடம் கொடுத்தது. அப்போதுதான் கோட்டை விழுந்து புதிதாக எழும்பியிருந்தது. மைதானம் வெறிச்சென்று கிடந்தது. அவன் நடுவில் போய் நின்று கையை நீட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. அடியில் வரிகள் ஓடின. சுறாவுக்கு என்னாச்சு. ஏன்டா கத்தல. கத்துடா.

சுவருக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். அவனைப் பார்த்து நின்றாள். ஓட இருந்தவள் ஓடவில்லை, எதற்கோ காத்திருந்தாள். கத்தல் வரவில்லை. ஒரு எட்டு வைத்தாள், நின்றாள், இன்னொரு எட்டு வைத்தாள். அமலன் நீட்டிய கையை அசைக்கவில்லை. பக்கத்தில் வந்ததும் அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"அண்ணே, தோத்தாச்சுல்லா? கை தாங்க."

அதே வார்த்தை, அதே தொனி.

இத்தனை நாள் பயந்து, வாந்தியெடுத்து, பெண்டாட்டி முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் வெந்தவன்தானே அமலன்? அவனுக்கு அந்த நொடியில் என்ன வந்திருக்க வேண்டும்? அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து அதே சுள்ளென்ற சூடு ஏறியது. 'யாருடி தோத்தா?' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. மிஷின் அவனிடமிருந்து எதையும் திரித்துக்கொள்ளவில்லை, உள்ளதைத்தான் எடுத்திருந்தது. இது தெரிந்ததும் அவனுக்கு அந்த ஆட்டம், செல்வின், கம்பெனி எல்லாவற்றையும்விடத் தன்னைக் கண்டுதான் பயமாகிப் போயிற்று. துண்டைப் பல் பதியக் கடித்தான். ரோஸ்லின் அவன் தோளைப் பிடித்தாள், அந்தப் பிடி இறுகியது.

ஒரு சின்னக் கை அவன் கைக்குள் வந்தது. திரை ஒருமுறை வெளுத்தது. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. கோட்டை, சுவர், மைதானம், அழுகை எல்லாம் அணைந்து போயின.

அமலன் துண்டை எடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ரோஸ்லின் அவன் தலையில் கை வைத்தாள். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவனைத் தொட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து மிரியம் சிணுங்குவது கேட்டது. போய் வாங்கி வருகிறேன் என்று அவள் எழுந்தபோது போன் அடித்தது. லிபிஷா. ரோஸ்லின் சிரித்த முகத்தோடு எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க," என்றாள் லிபிஷா. "என்னால முடியல. போன கையில எடுத்து வெச்சிட்டுத்தான் இருந்தேன். உள்ள போகதுக்கு தைரியம் வரல. கதவத் தாழ் போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அவிய ரொம்ப நேரம் நின்னாவளா? இன்னொரு நாளு பாப்பமா அக்கா?"

ரோஸ்லின் அமலனைப் பார்த்தாள். அமலன் தன் வலது கையைப் பார்த்தான்.

அந்தக் கடைசி நிமிடங்களில் லிபிஷாவிடம் அழுகை மட்டுமா இருந்தது? அழுகைக்கு முன்னால் ஒரு கை நீண்டதே! அவளுடைய பதிலாள் அதையும் சேர்த்துத்தான் படித்திருந்தது. ஒவ்வொரு தடவை கோட்டை எழும்பும்போதும் அது கையை நீட்டிக்கொண்டுதான் வந்திருக்கும். வாயைத் திறப்பதற்குள் எதிரே அவன் குரல் குரைத்திருக்கும், அது ஓடியிருக்கும். அது கை கொடுப்பதற்கு அந்தப் பக்கம் யாரும் வரவேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கம் ஒருத்தன் வாயை மூட வேண்டியிருந்தது.

"மூடியாச்சு மக்கா," என்றாள் ரோஸ்லின் மெதுவாக. "நீ வரலன்னாலும் உன் பதிலாளே வந்து கை குடுத்துட்டுது. இனி அந்த ஆட்டம் இல்ல."

"அதுவா குடுத்துச்சு?" நம்பாத குரல். "அதுக்குப் பேடி இல்லியா?" பிறகு குரல் கம்மியது. "எனக்கு இருக்கு அக்கா. ஆட்டம் போனா போட்டு, எனக்கு இன்னும் இருக்கு. இப்பவும் வெளிய ஆளு நிக்கமாதிரி இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

ரோஸ்லின் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நிக்க வெச்சது அவியதான?" என்றாள் லிபிஷா. "அவியளே சொல்லட்டும்."

ரோஸ்லின் போனை அமலன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். எதைச் சொல்வான்? பயப்படாத என்று அவனுடைய பதிலாள் சொல்லியாயிற்று. ஒன்னும் செய்ய மாட்டேன் என்று சொல்லியாயிற்று. சாமிமேல் சத்தியமும் பண்ணியாயிற்று. அவன் வாயில் இருந்த நல்ல வார்த்தை ஒவ்வொன்றையும் அது எடுத்து எச்சில் பண்ணி வைத்திருந்தது. அது ஒருநாளும் சொல்லாத வார்த்தை, அவனிடமிருந்து கற்றிருக்கவே முடியாத வார்த்தை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினான். அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் மேலும் கீழுமாய்க் கேட்டது. அவன் குரலுக்காகப் பயந்துகொண்டே காத்திருந்தாள்.

"லிபிஷா," என்றான். "அன்னைக்கு நீ ஜெயிச்சுட்ட. நான் தோத்துட்டேன்."

இந்தத் தடவை போன் வைக்கப்படவில்லை. காலடிச் சத்தம் கேட்டது, பிறகு தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. அவள் திறந்தாளா, இன்னும் இறுக்கிப் போட்டாளா என்று அமலனுக்குத் தெரியவில்லை. மறுபடி வாயைத் திறக்கப் பயந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.